தேடல் பெட்டியை மூடிய இரவு

மறதிநோய் வந்த பெற்றோரையோ துணையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு இணையக் குழுமம் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால் நாங்கள் மூன்று பேர், மூவருமே தன்னார்வலர்கள். சர்வர் வேலைகளை நானும் ஒரு நண்பரும் பார்க்கிறோம். உறுப்பினர்களைக் கவனித்துக்கொள்வது ஒரு அக்கா. எங்கள் குழுமத்தில் பகலைவிட இரவில்தான் நடமாட்டம் அதிகம். மறதிநோய் உள்ள பலருக்குச் சாயங்காலத்துக்கு மேல் பதற்றம் கூடிவிடும். "அப்பா வீட்டுக்குப் போகணும் என்கிறார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபப்படுகிறார். என்ன சொல்வது?" என்று யாராவது நள்ளிரவில் கேட்பார். அதே நிலையில் விழித்திருக்கும் இன்னொருவர் பதில் சொல்வார். அந்தப் பதில் பத்து நிமிடத்துக்குள் வருவதுதான் எங்கள் குழுமத்தின் உயிர்.

அதை ஒரு முறை நான்கு நாட்கள் முடக்கிப் போட்டார்கள். சேவை மறுப்புத் தாக்குதல், டிடாஸ் என்று சொல்கிறோமே, அதுதான். எதையும் திருடவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பதில் சொல்லி மாளாத அளவுக்குக் கேள்வி கேட்டே ஒரு சர்வரைப் படுக்க வைப்பது. அந்த நான்கு நாட்களில் கற்றுக்கொண்டதை எங்களைப் போன்ற சின்னக் குழுமம் நடத்தும் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் முக்கால் மணி நேரத்தை நான் வீணடித்தேன். இரவு 11.40-க்கு "தளம் திறக்கவில்லை" என்று அக்கா செய்தி அனுப்பினார். அன்று மாலைதான் நான் மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தேன். தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தேன், சர்வரை அணைத்துப் போட்டேன், டேட்டாபேஸைத் திரும்பத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் மூச்சுவிடும், மறுபடி படுத்துவிடும். வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அதற்கு அப்புறம்தான் தோன்றியது. இப்போது நாங்கள் வைத்திருக்கும் நடைமுறையில் முதல் வரியே இதுதான்: எதையும் மாற்றாதே, முதலில் லாக்கைப் பார்.

வழக்கமாக எங்கள் லாக்கில் ஒரு வரி வரும், அதைப் படித்து முடிக்க நேரம் இருக்கும், அடுத்த வரி வரும். அன்று எழுத்தே தெரியவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டம். நிறுத்தி, கடைசி 200 வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே தேடல் பெட்டிக்கு வந்த கோரிக்கைகள். தேடப்பட்ட சொற்கள் எந்த மொழியிலும் இல்லாதவை. எட்டெட்டு எழுத்தாகக் கலைத்துப் போட்டது போல இருந்தன. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

அந்த 'ஒன்றைப் போல இன்னொன்று இல்லை' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் முகப்புப் பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டாலும், ஒரு தடவை தயார் செய்து கேச்சில் வைத்ததையே ஆயிரம் பேருக்கும் கொடுத்துவிடலாம். சர்வருக்கு அது பெரிய வேலை இல்லை. தேடல் அப்படி இல்லை. புதுச் சொல் ஒன்று வந்தால் டேட்டாபேஸ் பல வருடப் பதிவுகளையும் துழாவியாக வேண்டும். தேடியது கிடைக்காது என்று சொல்வதற்கும் முழுக்கத் துழாவத்தான் வேண்டும். கோரிக்கை அனுப்புகிறவருக்கு அது ஒரு வரி. எங்களுக்கு ஒன்றிரண்டு விநாடி உழைப்பு. எங்கே அடித்தால் எங்களுக்கு அதிகம் வலிக்கும் என்று பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் நானும் நண்பரும் செய்தது ஐபி முகவரிகளை, அதாவது கோரிக்கை வரும் இணைப்புகளின் எண்களைத் தடுப்பது. ஒன்றைத் தடுத்தால் பத்து வருகிறது. முகவரிகள் எந்த ஒரு இடத்திலிருந்தும் வரவில்லை. வெவ்வேறு நாடுகளில் உள்ள வீட்டு இணைப்புகள் போலத் தெரிந்தன. கையால் ஒவ்வொன்றாகத் தடுப்பதை விட்டு, கூட்டமாகத் தடுக்கலாம் என்று நான் ஒரு விதி எழுதினேன். முகவரியின் கடைசியில் 24 என்று போட வேண்டிய இடத்தில் 8 என்று போட்டுவிட்டேன். 24 என்றால் 256 முகவரிகள். 8 என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல். அந்தக் கோடியில் என் வீட்டு இணைப்பும் ஒன்று. எந்தச் சர்வரைக் காப்பாற்ற உட்கார்ந்தேனோ அதிலிருந்தே துண்டிக்கப்பட்டேன். வேறு இணைப்பிலிருந்து நண்பர் உள்ளே போய் அந்த விதியை நீக்கும் வரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது மணி மூன்றரை. தூக்கம் கெட்ட கண்ணோடு ஃபயர்வால் விதி எழுதக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். மறுநாளிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் விதி எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் அது சர்வருக்குப் போகும்.

வழி காட்டியது அக்காதான். அவருக்குச் சர்வர் பற்றி ஒன்றும் தெரியாது. "தம்பி, எல்லாம் தேடல் பெட்டிக்குத்தானே வருது? அதை மூடிட்டா என்ன ஆகும்?" என்றார்.

"எல்லாருக்கும் அது தேவைப்படுமே அக்கா" என்றேன்.

"தேவைதான். ஆனா இப்ப எதுவுமே இல்லையே."

உள்நுழையாதவர்களுக்குத் தேடலை மூடினோம். மூன்று நிமிடத்தில் சர்வர் மூச்சுவிட்டது. அந்த இரவில் கேட்கப்பட்ட முதல் கேள்விக்கு விடிவதற்குள் பதில் போனது. எந்தெந்த வசதி இல்லாமல் குழுமம் உயிரோடு இருக்க முடியும் என்று ஒரு பட்டியல் முன்பே எங்களிடம் இருந்திருந்தால் அதை நள்ளிரவுக்கு முன்பே செய்திருப்போம். இப்போது இருக்கிறது. முதலில் தேடல், அப்புறம் படம் ஏற்றுவது, அப்புறம் புது உறுப்பினர் பதிவு, அப்புறம் அறிவிப்பு மின்னஞ்சல். இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரே கட்டளையில் அணைக்கலாம். படிப்பதும் பதில் எழுதுவதும் கடைசிவரை இருக்கும்.

மறுநாள் மதியம் அவர்கள் முறையை மாற்றினார்கள். இந்த முறை கோரிக்கை எதுவும் இல்லை, வெறும் குப்பைத் தரவுப் பொட்டலங்கள், எங்கள் ஐபி முகவரியைக் குறிவைத்து வெள்ளமாக வந்தன. சர்வருக்குள் என்ன செய்தாலும் இதற்குப் பலன் கிடையாது. வாசலுக்கு வரும் தெருவே அடைந்துவிடுகிறது. சர்வர் இடம் கொடுத்திருந்த நிறுவனம் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: உங்கள் முகவரிக்கு வரும் எல்லாவற்றையும் 24 மணி நேரத்துக்குக் கைவிடுகிறோம். துறையில் இதற்கு 'பிளாக்ஹோல்' என்று பெயர். அதே கம்பியில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனால் அடித்தவன் கேட்டதும் அதேதானே. அவன் கையால் செய்ய நினைத்ததை நிறுவனம் தன் கையால் செய்துகொடுத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுக்கத் தீரவில்லை. சர்வர் எடுக்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்டோம். தாக்குதல் வந்தால் வடிகட்டுவீர்களா, கைவிடுவீர்களா, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்கவில்லை. அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நேரடியாக வாசலில் நிற்க முடியாது, முன்னால் ஒரு பாதுகாப்பு வலையமைப்பை வைத்தாக வேண்டும் என்று முடிவெடுத்தோம். உலகம் முழுக்க நிறைய சர்வர்கள் வைத்திருக்கும் சேவை ஒன்று நம் முன் நின்று வெள்ளத்தைத் தான் வாங்கி, வடிகட்டி, நல்லதை மட்டும் நம்மிடம் அனுப்பும். இலவசமாகவே கிடைக்கும் அடிப்படைத் திட்டங்கள் இருக்கின்றன. பொதுநலக் குழுக்களுக்கென்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2014 முதல் நடத்தும் புராஜெக்ட் கலிலியோ போன்ற ஏற்பாடுகளும் உண்டு. விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியது இது. அடி விழும்போது போய் நிற்பதைவிட முன்பே போட்டு வைப்பது நல்லது.

மாற்றுவதில் இரண்டு இடங்களில் இடித்துக்கொண்டோம். தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில், எங்கள் முகவரியை 86,400 விநாடிக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எப்போதோ எழுதி வைத்திருந்தோம். அதாவது ஒரு முழு நாள். நாங்கள் முகவரியை மாற்றிய பிறகும் பல உறுப்பினர்களின் இணைய நிறுவனங்கள் பழைய முகவரிக்கே அவர்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அதை 300 விநாடியாக வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது இன்னும் மோசம். புது முகவரி வாங்கி, பாதுகாப்பு வலையமைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். இரண்டு மணி நேரத்தில் புது முகவரிக்கே அடி விழுந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நண்பர் யோசித்துக்கொண்டே தன் கணக்குக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாக ஒரு கோரிக்கை கொடுத்தார். வந்த மின்னஞ்சலின் தலைப்பு விவரங்களை, அதாவது அது எங்கிருந்து எப்படி வந்தது என்ற குறிப்புகளை விரித்துப் பார்த்தார். எங்கள் புது ஐபி முகவரி அங்கே அப்படியே எழுதியிருந்தது. மின்னஞ்சலை அதே சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தோம். கேட்டவருக்கெல்லாம் நாங்களே வீட்டு விலாசத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். சோதனைக்காக முன்பு உருவாக்கி மறந்துபோன ஒரு துணைப்பெயரும் (தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த முகவரி) நேரே சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும்போதே அந்தத் துணைப்பெயர்கள் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

மறுபடியும் முகவரியை மாற்றினோம். மின்னஞ்சல் அனுப்பும் வேலையை வேறு சேவைக்குக் கொடுத்தோம். பழைய பெயர்களை அழித்தோம். பாதுகாப்பு வலையமைப்பின் முகவரிகளிலிருந்து வருவதைத் தவிர வேறு எதையும் ஏற்காதே என்று ஃபயர்வாலுக்குச் சொன்னோம். நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒன்றை விட்டால் மற்ற மூன்றும் வீண்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

வலையமைப்பின் கடுமையான பாதுகாப்பு நிலையை இயக்கினோம். தளத்துக்கு வருபவர் மனிதர்தானா என்று சோதித்துப் பார்த்த பிறகே உள்ளே விடும். வரும் கோரிக்கைகளின் அளவைக் காட்டும் வரைபடத்தில் கோடு சட்டென்று கீழே விழுந்தது. மூவரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். மறுநாள் காலை அக்காவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. எங்கள் உறுப்பினர்களில் ஒருவருக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் படிப்பார், எழுதுவார். மறதிநோய் வந்த தன் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். "அக்கா, தளம் நேத்தே சரியாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் மனுஷனான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. எங்க தட்டணும்னு தெரியலை. மறுபடி முதல்ல இருந்து கேக்குது" என்று சொல்லியிருந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வரைபடத்தில் கோடு விழுந்ததைப் பார்த்தோமே தவிர, அந்தக் கோட்டில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. தேடிப் பார்த்தபோது இன்னும் தெரிந்தது. கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் ஒருவருடைய போனில் நச்சுநிரல் புகுந்திருந்தால் மற்றவர்களும் சேர்த்துத் தடுக்கப்படுகிறார்கள். பழைய போன் வைத்திருப்பவர்களுக்குச் சோதனைப் பக்கம் ஓடவே இல்லை. தடுப்பை இறுக்க இறுக்க வெளியே நின்றவர்களில் பலர், எங்கள் குழுமம் யாருக்காக இருக்கிறதோ அவர்களே.

அன்றைக்கு முழுவதும் அந்தப் பூட்டைப் பிரித்துப் பிரித்துத் தளர்த்தினோம். படிக்கும் பக்கங்களுக்குச் சோதனை கிடையாது. அவற்றை உறைந்த பிரதிகளாக எடுத்து வலையமைப்பின் கேச்சிலேயே வைத்துவிட்டோம், எத்தனை பேர் கேட்டாலும் எங்கள் சர்வர் வரை வராது. ஏற்கெனவே உள்நுழைந்தவர்களிடம் மறுபடி கேட்காது. தேடலுக்கும் உள்நுழைவுப் பக்கத்துக்கும் மட்டும் சோதனை, அதுவும் எதையும் பார்த்துத் தட்டத் தேவையில்லாத வகை. அதிலும் மாட்டுபவருக்கு ஒரு வழி வேண்டும் என்று, அக்காவின் குரல் செய்தி எண்ணைத் தடுப்புப் பக்கத்திலேயே எழுதினோம். தாக்குதல் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தது உண்மைதான். இரண்டு முறை தளம் பத்து நிமிடம் தடுமாறியது. பரவாயில்லை என்று மூவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம்.

ஆட்களை எட்டுவதே பெரிய பாடாக இருந்தது. உறுப்பினர்களின் மின்னஞ்சல் பட்டியல் எங்கே இருந்தது? விழுந்து கிடந்த அதே டேட்டாபேஸில். அக்காவின் போனில் இருந்த அறுபது எண்களை வைத்துத்தான் முதல் நாள் ஓடியது. அந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. சில மாதங்களுக்கு முன் நாங்கள் விலக்கிய ஒருவர்தான் இதைச் செய்தார் என்று பேச்சு கிளம்பியது. யாரோ எங்கள் பெயரில் போலிக் கணக்குத் திறந்து, "உங்கள் பாஸ்வேர்ட் போய்விட்டது, இங்கே சொடுக்கி மாற்றுங்கள்" என்று எழுதினார்கள்.

அக்கா நான்கே வரியில் ஒரு அறிவிப்பு எழுதினார். தளம் தாக்கப்படுகிறது. உங்கள் விவரங்கள் எதுவும் வெளியே போனதற்கு அடையாளம் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறோம். யார் செய்தது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாமல் யார் பெயரையும் சொல்லாதீர்கள். அடுத்த செய்தி மாலை ஆறு மணிக்கு. புதுச் செய்தி இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு எழுதினார். அதுதான் ஆட்களை அமைதிப்படுத்தியது என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

2023 ஜூலை 10 அன்று ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுக் களஞ்சியத்துக்கு இதேபோல் நடந்ததை நாங்கள் அப்போதுதான் தேடிப் படித்தோம். அதுவும் தன்னார்வலர்கள் நடத்துவது. தாங்கள்தான் செய்தோம் என்று ஒரு குழு உரிமை கொண்டாடி, 30,000 டாலர் பிட்காயினாகக் கேட்டது. அந்தக் குழு தன்னைப் பற்றிச் சொல்வதையும், தாக்கியதற்குச் சொல்லும் காரணத்தையும் நம்ப வேண்டாம் என்று களஞ்சியத்தார் பயனர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்கும் மூன்றாம் நாள் பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. பதில் எழுதவில்லை. கொடுத்தால் நிறுத்துவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொடுப்பவர்கள் பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் தலைப்பு விவரங்களோடு சேர்த்து வைத்து, லாக்குகளையும் சுருக்கி வேறு கணினிக்கு மாற்றி, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகாரோடு கொடுத்தோம். லாக்குகளை மாற்ற ஒரு நாள் தாமதித்திருந்தால் அவையே சர்வரின் டிஸ்க்கை நிரப்பித் தளத்தை மறுபடி படுக்க வைத்திருக்கும். அந்த அளவுக்குப் பெருத்திருந்தன.

இவ்வளவு பெரிய தாக்குதலை ஒரு மறதிநோய்க் குழுமத்தின் மேல் யார் செய்வார்கள் என்று பலர் கேட்டார்கள். பெரிய ஆளே தேவையில்லை. 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து முடக்கிய வெப்ஸ்டிரெஸர் என்ற வாடகைத் தாக்குதல் தளத்தில் 1,36,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். மாதம் 15 யூரோவுக்குக்கூட அங்கே தாக்குதல் கிடைத்தது. அடிக்கும் இயந்திரங்களோ பெரும்பாலும் அப்பாவி வீட்டுக் கருவிகள். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் 60-க்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பயனர்பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டே வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அது அடித்தபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அதைப் படித்த பிறகு எங்கள் லாக்கில் இருந்த முகவரிகளைப் பார்க்கையில் கோபம் வரவில்லை. யார் வீட்டு வரவேற்பறையிலோ இருக்கும் கேமரா அது, அந்த வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. எங்கள் உறுப்பினர்களில் பலர், அம்மா இரவில் எழுந்து வெளியே போகிறாரா என்று பார்க்க அதே மாதிரிக் கேமரா வைத்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று படங்களோடு ஒரு குறிப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்பினோம்.

நான்காம் நாள் அடி ஓய்ந்தது. தளத்தை முழுதாகத் திறந்தவுடன் அது மறுபடி விழுந்தது. இந்தத் தடவை தாக்குதல் இல்லை. நான்கு நாளாகச் சரியாக நுழைய முடியாமல் இருந்த எங்கள் ஆட்களே ஒரே நேரத்தில் வந்து, திறக்கவில்லை என்று ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தார்கள். மூடிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். நிரம்பினால் பிழைச் செய்திக்குப் பதில், "இரண்டு நிமிடத்தில் இந்தப் பக்கம் தானே திறக்கும், எதையும் அழுத்த வேண்டாம்" என்று ஒரு பக்கம் காட்டினோம். 'இப்போது முடியாது' என்று சர்வர் அனுப்பும் 503 பதிலோடு எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்றும் சொல்ல முடியும். எங்கள் கைபேசிச் செயலி அதைப் படித்து அதன்படி காத்திருக்கும்படி நண்பர் மாற்றினார்.

இப்போது உறுப்பினர்களின் தொடர்புப் பட்டியலை வாரம் ஒரு முறை எடுத்து, பூட்டி, சர்வருக்கு வெளியே வைக்கிறோம். குழுமத்தின் நிலையைச் சொல்லும் அறிவிப்புப் பக்கம் வேறு நிறுவனத்தில், வேறு பெயரில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மாலை முழுக்கத் தேடலை அணைத்துப் பார்க்கிறோம். பாதுகாப்பு விதியில் ஏதாவது மாற்றினால் மூவரில் யாரும் உடனே வெளியிடுவதில்லை. அதன் இணைப்பு முதலில் அந்தப் பார்வையற்ற நண்பருக்குப் போகும். அவர் ஸ்கிரீன் ரீடரோடு உள்ளே நுழைந்து, ஒரு வரி எழுதிப் பார்த்து, "வந்துட்டேன்" என்று அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்புவார். போன வாரம் மாற்றியதற்கு அவரிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார். அந்த மாற்றம் அப்படியே காத்திருக்கிறது.